லேபிளில் சோளம்

மடித்த ரொட்டி போலிருந்த டாக்கோவை இரண்டு கையாலும் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, விளக்கு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள் நிர்மலா. முட்டைக்கோஸும் மயோனைஸும் தட்டில் கொட்டின. மடிப்பு ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். ஒரு துணுக்கைக் கிள்ளி மோந்து பார்த்தாள். பிறகு இடுப்பில் தொங்கிய சிறிய பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, மெனு அட்டையில் 'அசல் மெக்சிகன் மக்காச்சோள டாக்கோ' என்றிருந்த வரியின் பக்கத்தில் ஒட்டினாள்.

"இது ரிஜெக்ட்டுங்க."

செக்கிங் பெண்கள் எல்லாரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

பனியன் கம்பெனியில் துணியில் பழுது எங்கே இருக்கிறதோ அங்கே அந்த அம்பை ஒட்டுவார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம். திருப்பூர் மங்கலம் ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனியில் செக்கிங் டேபிள் நிர்மலாவின் பொறுப்பு. அவள் அம்பு ஒட்டிய பீஸ் மறுபடி அவள் கண்ணில் படாமல் பெட்டிக்குள் போனது கிடையாது. ஒவ்வொரு ஷிப்மென்ட் போன பிறகும் செக்கிங்குக்கு ஒரு விருந்து உண்டு. வழக்கமாகப் பிரியாணி. இந்த முறை புரொடக்ஷன் மேனேஜர் மோகன்ராஜ், சரக்கு மெக்சிகோவுக்குப் போயிருப்பதால் சாப்பாடும் மெக்சிகோதான் என்று அவிநாசி ரோட்டில் 'கள்ளிப்பூ' என்ற கடைக்குக் கூட்டி வந்திருந்தான். கடை அவனுடைய மச்சினன் சசிகுமாருடையது. திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

சசிகுமார் ஏப்ரனைத் துடைத்துக்கொண்டே வந்தான். "டேஸ்ட்டு புடிக்கலீங்களாக்கா?"

"டேஸ்ட்டைப் பத்தி நான் ஒண்ணும் பேசலீங்க தம்பி. சோளம்னு போட்டிருக்கீங்க. இது மைதாங்க."

"மெக்சிகன் சோளம் அப்படித்தானுங்கக்கா இருக்கும்."

"மடத்துக்குளத்துல எங்கூட்டுக் காட்டுல மக்காச்சோளந்தானுங்க. எந்தூருச் சோளமா இருந்தாலும் இப்படி ரப்பராட்டம் இழுபடாதுங்க."

பக்கத்தில் இருந்த சுப்புலட்சுமி, சாத்தூர்ப் பக்கத்துக்காரி, முழங்கையால் இடித்தாள். "யக்கா, பேசாம தின்னுக்கா. பிரியாணியா இருந்தா கோழியத் திருப்பிப் போட்டு தையலு எங்கனு தேடுவீக போல."

எல்லாரும் சிரித்தார்கள். மோகன்ராஜும் சிரித்தான். ஆனால் அவன் மச்சினனின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஏனுங்க நிர்மலாக்கா, மெக்சிகோ போயிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அங்கத்த ஆளு யாரும் சுட்டுக் குடுத்துத் தின்னிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் அப்ரூவல் சாம்பிள் இல்லாம எப்படிங்க ரிஜெக்ட்டு பண்றீங்க?"

சிரிப்பு நின்றது. கம்பெனியில், சரக்கு வாங்குகிற பையர் முத்திரை வைத்து அனுப்பிய சாம்பிள் பீஸ் ஒன்று செக்கிங் டேபிளுக்கு மேலே தொங்கும். அதைப் பார்த்துத்தான் எதையும் நிறுத்தலாம், விடலாம். சாம்பிளைப் பார்க்காமல் அம்பு ஒட்டிய பெண்களை நிர்மலாவே டேபிளிலிருந்து எழுப்பி நூல் வெட்ட அனுப்பியிருக்கிறாள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் இரண்டு பேர் இப்போது எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாம்பிளப் பாக்காம நிறுத்தறவங்க கையில நான் டேபிளை எப்படிங்க உடறது?" மோகன்ராஜ் மரியாதையாகத்தான் கேட்டான். "ஒண்ணு சாம்பிள் கொண்டாங்க. இல்லீன்னா சசிகிட்ட தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லீருங்க. ரெண்டும் இல்லீன்னா டேபிளை சுப்புலட்சுமி பாத்துக்கட்டுமுங்க."

"சாம்பிள் கொண்டாறேனுங்க" என்றாள் நிர்மலா. கை கழுவ எழுந்து போனாள்.

கல்யாணமாகி மண்ணரைக்கு வந்த மறுவாரமே வேலைக்குப் போனவள் அவள். முதலில் தையல்காரர்களுக்குத் துணி மடித்துக் கொடுத்தாள், பிறகு நூல் வெட்டினாள், பிறகு செக்கிங். கண் பழகிய பிறகு வெளியில் எங்கும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. பஸ்ஸில் முன்சீட்டுக் குழந்தையின் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்து அதன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நாத்தனார் மகள் நிச்சயத்தில், மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்த பட்டுப்புடவையின் முந்தியைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பட்டென்று சொன்னதில் பாதி பட்டு இல்லை. நிச்சயம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்றைக்கும் அவளைக் கண்டால் புடவையை இழுத்துச் செருகிக்கொள்வார்கள்.

அவள் புருஷன் அங்கமுத்து சாயப்பட்டறையில் வாட்ச்மேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மைதாவாவது சோளமாவது, அடுத்தவன் செலவுல திங்கறதுக்கு என்னத்துக்கு இத்தன நாயம்?" என்றான்.

"நாயத்த ஆரு செலவுல பேசோணும்?"

அங்கமுத்து டிவி சத்தத்தைக் கூட்டினான்.

மெர்ச்சன்டைசர் ஆஷாவுக்குத்தான் இதில் ருசி தட்டியது. பையர்களுக்கு மெயில் அனுப்புகிற பெண். செல்போனில் தேடிப் பார்த்து, திருப்பூரிலேயே மெக்சிகன் என்று போட்ட கடைகள் நிறைய இருப்பதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்கூட்டரின் பின்னால் நிர்மலா ஏறிக்கொண்டாள். ஒரு பேக்கரியில் மெக்சிகன் பப்ஸ் கிடைத்தது. போன வாரம் வரை அது மசாலா பப்ஸ். காலேஜ் பக்கத்துக் கடையில் பொட்டலத்துச் சிப்ஸின் மேல் சீஸை ஊற்றி மேஜைக்கு அனுப்பினார்கள். இன்னொரு இடத்தில் சுவரில் கள்ளிச்செடியும் பெரிய தொப்பியும் வரைந்திருந்தது. சமையல் கட்டில் இருந்த ஒடிசாப் பையன்கள் ஃப்ரைட் ரைஸ் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

"கோயமுத்தூர்ல ஒண்ணு நல்லாருக்காம்க்கா. போலாமா?"

"அசல்னு போட்டது நம்மூர்ல. நம்மூர்லயேதான் பாக்கோணும் கண்ணு."

மண்ணரை முக்கில் ஒரு பரோட்டாக் கடையிலும் மெக்சிகன் சிக்கன் பரோட்டா என்று எழுதியிருந்தது. நிர்மலா கல்லுக்குப் பக்கத்திலேயே போய் நின்றாள்.

"மாஸ்டர், மெக்சிகன்னா என்னதுங்க?"

"கொடமொளகா கூடப் போடுவோம். வேற ஒண்ணுமில்ல."

"அசல்னு எழுதலியா?"

"போர்டு எழுத வந்தவன் எழுத்துக்கு இவ்வளவுன்னான். அந்த வார்த்தை வேண்டாம்னுட்டேன்."

நிர்மலா உட்கார்ந்து இரண்டு பரோட்டா சாப்பிட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது அது மட்டும்தான். ஆனால் சாம்பிள் கிடைக்கவில்லை.

அந்த வாரம் அடுத்த ஆர்டரின் இன்ஸ்பெக்ஷனுக்கு மெக்சிகோவிலிருந்தே ஆள் வந்தாள். பெயர் லெட்டிசியா. நிர்மலாவின் வயதுதான் இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். கால் வீங்கி, செருப்பின் வாரைத் தளர்த்தி விட்டிருந்தாள். வந்ததும் ஒரு பீஸை எடுத்து உள்பக்கம் திருப்பி, தோள் தையலைக் கட்டைவிரலால் தேய்த்தாள். நிர்மலா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு சட்டைக்கு ஒரு சாம்பிள் போதும் என்றால் ஒரு நாட்டுக்கு ஓர் ஆள் போதாதா?

பையர் கம்பெனி ஆட்கள் வந்தால் யாரும் அவர்களோடு பேசக் கூடாது. கேட்டால் மட்டும், கேட்டதற்கு மட்டும் பதில். மோகன்ராஜின் கண்டிப்பான சட்டம். வாய் தவறி வருகிற ஒரு வார்த்தையில் ஆர்டரே போய்விடலாம் என்பான். டீ நேரத்தில் நிர்மலா நேராக லெட்டிசியாவின் முன்னால் போய் நின்றாள். ஆஷாவைக் கையைப் பிடித்து இழுத்துப் போயிருந்தாள்.

"உங்கூர்ச் சாப்பாடுன்னு போட்டு இங்க ஒரு கடை இருக்குதுங்க. சரியா இருக்குதான்னு நீங்க தின்னுட்டுச் சொல்லோணும். சொல்லு கண்ணு."

ஆஷா மென்று விழுங்கி இங்கிலீஷில் சொன்னாள். வந்த நாளிலிருந்து ஓட்டல் ரொட்டியையும் ஜாமையும் தின்றுகொண்டிருந்த லெட்டிசியா சத்தமாகச் சிரித்தாள். போகலாம் என்றாள். மோகன்ராஜ் ஓடி வந்தான். முதலில் முகம் வெளுத்தது. பிறகு விஷயம் புரிந்ததும் அவனே கம்பெனிக் காரை எடுக்கச் சொன்னான். ஏறும் முன்பு மச்சினனுக்குப் போன் செய்தான்.

கள்ளிப்பூவில் மத்தியானக் கூட்டம் அதிகமில்லை. லெட்டிசியா ஒரு டாக்கோவைத் தின்றாள். பச்சைமிளகாய் கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டே இன்னொன்றையும் தின்றாள். மூன்றாவதில் பாதி போன பிறகு விரலைத் துடைத்துவிட்டு ஆஷாவிடம் பேசினாள். கேட்கக் கேட்க ஆஷாவின் முகம் சுருங்கியது.

"என்ன கண்ணு?"

"அவங்க ஊர் வடக்காம்க்கா. சிவாவாங்கற மாநிலமாம். அங்க கோதுமை மாவுலதான் சுடுவாங்களாம். அவங்கம்மாவும் அப்படித்தானாம். சோளமெல்லாம் தெக்கத்திக்காரங்க பழக்கமாம்." ஆஷா தயங்கினாள். "உள்ள வச்சிருக்கறது சுமார்தானாம். ஆனா அடை மோசமில்லியாம். பாஸ்னு சொல்றாங்க."

மோகன்ராஜ் மேஜையைத் தட்டினான். "சாம்பிளே வாயத் தொறந்து சொல்லிருச்சுங்களே! இனி என்ன சொல்றீங்க நிர்மலாக்கா?"

பையர் சொன்னால் முடிந்தது. அதுதான் தொழில். நிர்மலா பழுது என்று நிறுத்தியதைப் பையர் பரவாயில்லை என்றுவிட்டால், ஒட்டிய அம்புகளை அவளே உட்கார்ந்து உரிப்பாள். துணியில் பசை தங்காமல், நகம் படாமல் உரிக்கத் தெரிந்த கை. எத்தனையோ முறை உரித்திருக்கிறாள். உரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறும் தின்றிருக்கிறாள். இப்போதும் கை மெனு அட்டைப் பக்கம் போனது. பழைய அம்பைச் சசிகுமார் சுரண்டிவிட்டிருந்தான். சுரண்டிய தடத்துக்குப் பக்கத்தில் அதே வரி அப்படியே இருந்தது.

"அவங்கம்மா கோதுமையில சுட்டா நல்லதுங்க" என்றாள். "மைதா கெட்டதுன்னு நான் சொல்லவே இல்லீங்களே. பாலியெஸ்டருங் கெட்டதில்லீங்க. பாலியெஸ்டர் பனியனுக்குக் காட்டன்னு லேபிள் தெச்சாத்தான் நிறுத்துவேன். இங்க சோளம்னு போட்டிருக்குது. மைதாவக் குடுக்கறாங்க. இதச் சொல்ல மெக்சிகோவும் போக வேண்டாம், சாம்பிளும் வேண்டாமுங்க. அன்னிக்கே சொல்லியிருக்கோணும். நீங்க கேட்டதும் நானும் வாயடைச்சுப் போயி ஊரெல்லாம் சாம்பிள் தேடிட்டுத் திரிஞ்சேன்."

"பையரே ஓக்கே பண்ணியாச்சுங்க!"

"பையர் ஓக்கே பண்ணினா சட்டை கப்பலேறுமுங்க. அது கம்பெனிச் சரக்கு, உரிச்சுக் குடுத்துருவேன். இது என்ற நாக்குங்க."

அவள் புது அம்பு ஒன்றை எடுத்து அதே வரியில் ஒட்டினாள்.

லெட்டிசியா என்ன என்று கேட்டாள். "சொல்ல வேண்டாம் ஆஷா" என்றான் மோகன்ராஜ். "சொல்லு கண்ணு" என்றாள் நிர்மலா. ஆஷா ஒரு கணம் இருவரையும் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

லெட்டிசியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெனு அட்டையைப் பார்த்தாள். அம்பைப் பார்த்தாள். நிர்மலாவின் கையை லேசாகத் தட்டிக்கொடுத்து, "இது சாப்பாடு, ஷிப்மென்ட் இல்லை" என்றாள். ஆஷா அதைத் தமிழில் சொன்னதும் மோகன்ராஜ் வேண்டியதற்கு மேல் சிரித்தான். லெட்டிசியா மிச்சப் பாதியையும் தின்று முடித்தாள்.

சசிகுமாருக்குத்தான் சங்கடமாக இருந்தது. "ஒரு வார்த்த சொல்லீருங்கக்கா, முடிஞ்சு போயிரும். மாமன் மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாரு."

"மைதான்னு மாத்திப் போடுங்க தம்பி. அன்னிக்கு எங்க டேபிளையே கூட்டிட்டு வந்து காசு குடுத்துத் தின்னுட்டுப் போறேன்."

"மைதான்னு போட்டா ஆருங்கக்கா வருவாங்க?"

"அது உங்க பாடுங்க."

"அப்ப மன்னிப்பு?" என்றான் மோகன்ராஜ்.

"இல்லீங்க."

"டேபிள் போயிருமுங்க."

"தெரியுமுங்க."

கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவர் நின்றான். நிர்மலா அவனைக் கடந்து, வெயிலில் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் காலை, வேலை தொடங்கியதும் மோகன்ராஜ் வந்து டேபிளை இனி சுப்புலட்சுமி பார்த்துக்கொள்வாள் என்று அறிவித்தான். சுப்புலட்சுமி சரி என்றாள். நிர்மலா ஜன்னல் ஓரத்தில் கடைசி இடத்தில் உட்கார்ந்து பீஸ் பார்த்தாள். லெட்டிசியா பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்கு முன்பே கையெழுத்துப் போட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு வந்த ஒரு கட்டைப் பிரித்து நாலைந்து பீஸைப் பார்த்ததும் நிர்மலா முழுக் கட்டையும் நிறுத்தினாள். நிர்மலா நிறுத்தியது என்றதும் சுப்புலட்சுமி அதைத் தான் ஒரு முறை பார்க்காமலே தையலுக்குத் திருப்பி அனுப்பினாள். தையல் சூப்பர்வைசர் கத்தினான். சுப்புலட்சுமி அவனிடம் பதிலுக்குக் கத்தினாள். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நிர்மலா நின்றுகொண்டே மண்ணரைக்குப் போனாள்.