மலையில் நீச்சல் குளம் கட்ட என்ன செலவு?

எனக்கு வயது அறுபத்தைந்து. பெற்றது ஆறு, வளர்த்தது ஏழு. ஏழாவது, என் தங்கை விட்டுப்போன பிள்ளை. எதையும் பட்டினி போட்டதில்லை. எவர் வாசலிலும் கைகட்டி நிற்கவிட்டதும் இல்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

அந்த ஏழில் மூன்றாவது முருகையா. மேசன். தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்த எங்கள் வீட்டில் சாந்துக் கரண்டி பிடித்த முதல் ஆள். இத்தனை காலமும், கட்டட வேலைகளை ஒப்பந்தம் எடுக்கும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் கூலிக்குத்தான் வேலை பார்த்தான். சொந்தமாக ஒரு வேலை எடுக்கவேண்டும் என்பது அவனுடைய ஆசை... என்னுடைய ஆசையும்தான்.

போன மாதம் தோட்டத்தை நடத்தும் துரை அவனைப் பங்களாவுக்குக் கூப்பிட்டனுப்பினார். எதற்கு? நீச்சல் குளம் கட்ட!

இந்த லிந்துலை மலைக் குளிரில் நீச்சல் குளமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இங்கே பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் முகம் கழுவினாலே பல் தந்தியடிக்கிறது. ஆனால் துரையின் கூட்டாளி கொழும்பில் வீட்டோடு ஒன்று கட்டிவிட்டாராம். அதைப் பார்த்து வந்த நாள் முதல் துரைசாணிக்குத் தூக்கமில்லை.

கொழும்புக் கம்பெனி ஒன்று விலை எழுதி அனுப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் துரைக்கு வியர்த்துவிட்டது - இந்தக் குளிரிலும்! "அது கொழும்பு வெலை. இந்தப் பக்கத்து வெலை நீ சொல்லு" என்று முருகையாவிடம் கேட்டிருக்கிறார்.

இவனும் யோசித்து யோசித்து ஒரு விலை சொன்னான். கொழும்புக்காரன் கேட்டதில் பாதிகூட வரவில்லை. துரைக்கு ஒரே சந்தோஷம். வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போடு என்று சொல்லிவிட்டார்.

பிள்ளை பறந்துகொண்டுதான் வந்தான். எங்கள் வரிசை வீட்டு லயத்தில், இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து எனக்குக் கணக்கை விளக்கினான். சீமெந்து இங்கே விலை கூட. ரயில் கூலி இருக்கிறதே. கொழும்பில் தோண்டினால் மண் வரும், இங்கே தோண்டினால் பாறை வரும். அதற்கு வெடிகாரன் வேண்டும். பனிக்காலத்தில் பூச்சு சீக்கிரம் காயாது. சாக்குப் போட்டு மூடவேண்டும். ஆனால் கருங்கல் சும்மா கிடைக்கும், ஆள் கூலியும் இங்கே குறைவு...

கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிள்ளையா இவன்!

"சரிய்யா... லொறி பெக்டரியோட நின்னுடுமே. அங்கேயிருந்து பங்களாவுக்குப் படிதானே. மணலை மேல கொண்டுபோறது யாரு?"

"நம்ம பொண்ணுங்கதாம்மா."

"அவங்களுக்கு என்ன போட்டிருக்க?"

 காதைச் சொறிந்தான்.

அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. எங்கள் வழக்கம் அப்படி. மாரியம்மன் கோயில் கட்டியபோது மேசனுக்குக் கூலி கொடுத்தோம், தச்சனுக்குக் கொடுத்தோம். மணலை மட்டும் பெண்கள் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தலையில் சுமந்து மேலே கொண்டுபோய்க் கொட்டினோம். அதை யார் கணக்கில் எழுதினார்கள்? பள்ளிக்கூடத்துக்கும் அதே கதைதான். பிள்ளை வேலை பழகிய இடமெல்லாம் மணல் தானாக மேலே ஏறி வந்திருக்கிறது. துரையின் குளத்துக்கும் அப்படியே ஏறி வரும் என்று நினைத்துவிட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் குடியிருக்கும் கருப்பாயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவள் வாய் சும்மா இருக்குமா?

"கோயிலுக்குச் சொமந்தா புண்ணியம். தொரை குளிக்கிறதுக்குச் சொமந்தா என்னக்கா கெடைக்கும்? சளியா?"

முருகையாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா எல்லாரும் வருவாங்கம்மா. நம்ம ஆளுங்கதானே?"

"நம்ம ஆளுங்கங்கிறதாலதான்டா கேக்குறேன். ஞாயித்துக்கெழமை ஒரு நாள்தான் அதுங்க தலைக்கு எண்ணெய் வைக்குதுங்க. அதையும் நீ புடுங்கிக்கிட்டா?"

"இப்பப் போய் வெலையை ஏத்துனா தொரை வெரட்டிடுவாரும்மா! இது என் மொதக் கொந்தராத்து..."

எனக்கும் ஆசை விடவில்லை. பெற்றவள் இல்லையா? நான் ஒரு சொல் சொன்னால் பெண்கள் வந்துவிடுவார்கள், அது உண்மை. முணுமுணுத்துக்கொண்டாவது வருவார்கள். என் பிள்ளையும் ஒரு கொந்தராத்துக்காரனாகிவிடுவான். ஆனால் பீலியில் அந்தப் பெண்களோடு நான் எந்த முகத்தோடு குடம் வைப்பேன்?

"வேலை போனா போகுது. போய்ச் சொல்லிட்டு வா" என்றேன்.

கோபித்துக்கொண்டு சோறு சாப்பிடாமலே படுத்தான். ஆனாலும் காலையில் போனான். நான் பீட்ரூட் பாத்தியில் களை பிடுங்குகிறேன் என்று உட்கார்ந்து, நல்ல செடியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தவன் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான். துரை சத்தம் போட்டாராம். "ஏன் முந்தியே சொல்லல்லே?" என்று மேசையைத் தட்டினாராம்.

"நீ என்னய்யா சொன்ன?"

"எங்கம்மா சொமக்கிறதுக்குக் கூலி போட்டு எங்களுக்குப் பழக்கமில்லீங்க தொரைன்னேன்."

துரை எழுந்துவிட்டாராம். பிறகு கைத்தடியை எடுத்துக்கொண்டு புல்தரைக்குப் போனார். குளத்துக்கு அடித்திருந்த முளைகளில் இரண்டைப் பிடுங்கி, உள்ளே தள்ளி நட்டார். "அதே வெலைக்கு இவ்வளவு போதும்."

குளம் குட்டையாகிவிட்டது. பெண்கள் கூலி குட்டையாகவில்லை. வெள்ளிக்கிழமை என் பிள்ளை கையெழுத்தும் போட்டுவிட்டான்.

இப்போது கொழுந்தை எடை போட்டு முடிந்ததும் பெண்கள் வரிசையாகப் படியேறுகிறார்கள். நேற்று கருப்பாயி தலையில் மணலோடு நின்று என்னைப் பார்த்துக் கத்துகிறாள் - "யக்கா, கோயில் மணலைவிட இது கனம் கம்மியா இருக்கே!"

ஒரு ஊரில் ஒன்றைக் கட்ட என்ன செலவாகும்? சீமெந்து விலையைக் கடைக்காரரிடம் கேட்கலாம். கல்லுக்கும் கம்பிக்கும் ஆளுக்கொரு விலை சொல்வார்கள். அந்த ஊரில் யாரெல்லாம் சும்மா சுமக்கிறார்கள் என்றும் விசாரித்துவிடுங்கள்... விலை அப்போதுதான் சரியாக வரும்.

சரி, செல்வி, இங்க வாம்மா. அப்பாயி நான் எழுதினதை ஒருதரம் வாசிச்சுக் காட்டு. பொண்ணுங்க கூலி வர்ற எடத்துல முழுங்காம, நல்லா சத்தமா வாசி... உள்ளே ஒங்கப்பன் முருகையா இருக்கான்.