சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே

என் அக்காவை அவள் ஆய்வகத்தில் ‘சொட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரை ஒன்பது வருடமாக அளக்கிறாள். எவ்வளவு தண்ணீர் என்றல்ல. ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று. வீட்டில் குழாய் ஒழுகினால் மட்டும் அடைக்க என்னைக் கூப்பிடுவாள்.

“ஒரே சீரா சொட்டினா சிக்கலோட அளவு சைபர். தாறுமாறா சொட்டினாலும் சைபர்தான். ரெண்டுக்கும் நடுவுலதான்டா விஷயமே இருக்கு” என்பாள். அப்பா முதல் ரகம், நான் இரண்டாவது என்று அவள் சொல்லாமல் விட்டதே பெரிது.

நேரங்களை மும்மூன்றாக எடுத்து, எது சின்னது, எது பெரியது என்று வரிசைப்படுத்துவாள். ஆறு விதமாக அமையலாம். எந்த விதம் எத்தனை முறை வருகிறது என்பதிலிருந்து சிக்கலைக் கணக்கிடுவாள். இந்த வருடம் யாரும் காணாத அளவுக்குப் பெரிய சிக்கல் கிடைத்தது. கட்டுரையை ஒரு இதழ் ஏற்றுக்கொண்டது. அதைக் காட்டினால் தற்காலிக வேலை நிரந்தரமாகும். வியாழக்கிழமை நேர்காணல்.

செவ்வாய்க்கிழமை கணக்கைச் சும்மா இன்னொரு முறை பார்த்தாள். சும்மா இருக்கத் தெரியாதவள். புதுக் கருவி நேரத்தைத் தோராயமாகப் பதிந்ததால் பல நேரங்கள் அச்சு அசலாக ஒன்றாயிருந்தன. இரண்டு சமமாக வந்தால் முந்தியதைச் சின்னது என்று வைத்துக்கொள்ளும்படி கணினி நிரல் எழுதியிருந்தது அவளேதான். அதனால் ஏறுவரிசை மட்டும் எக்கச்சக்கமாக வந்திருக்கிறது. சமமானவற்றை நீக்கியதும் சிக்கல் சைபருக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

பேராசிரியரிடம் சொன்னாள்.

“யாரும்மா திரும்பக் கணக்குப் போடப் போறாங்க? வியாழக்கிழமை முடியட்டும்.”

“நான் போட்டுட்டேனே சார்.”

அன்றே கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். நிரலை வாங்கிப் போயிருந்த எல்லோருக்கும் பிழையைச் சொல்லிக் கடிதம் அனுப்பினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ரெண்டு நாள் வாய மூடிட்டு இருக்க முடியாதா உனக்கு?”

“இருக்கலாம்டா. அப்புறம் அந்தத் தப்பு நம்பர வச்சுதானே அடுத்த நம்பரப் போடணும்? ரிட்டையர் ஆகற வரைக்கும்.”

அந்த நிரந்தர வேலை நேர்காணலுக்கு வந்த வேறொருவருக்குப் போனது. அவரிடம் மூன்று கட்டுரைகள் இருந்தன. மூன்றும் அவள் கொடுத்த நிரலில் கணக்கிட்டவை. அவள் கடிதத்துக்கு அவர் புதன்கிழமையே பதில் போட்டிருந்தார்: “ரொம்ப நன்றி மேடம். வியாழக்கிழமைக்கு அப்புறம் பாக்கறேன்.”

அதை என்னிடம் காட்டும்போதுதான் அக்கா அழுதாள்.