எனக்காக நிறுத்தாதீங்க

என்னைப் பெற்ற அத்தா லப்பைக்குடிக்காட்டில் மவுத்தாகி அடக்கம் நடந்த அன்று, நான் துபாயில் கடையைத் திறந்து வைத்து வியாபாரம் பார்த்தேன். ஊருக்கு வரவில்லை. "அப்புடி இருந்ததாலதான் நாம நிமிர்ந்தோம்" என்று என் மகனிடம் எத்தனையோ முறை பெருமையடித்திருக்கிறேன்.

இன்று அந்தக் கடையில் அவன் நிற்கிறான்.

போன மாதம் என் மனைவி நெஞ்சு வலிக்கிறது என்றாள். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்துவிடலாம் என்றார்கள் ஜமாஅத்தார். நான் பிடிவாதமாக மகனுக்குப் போன் போட்டேன்.

"கெளம்பி வாப்பா. நீ வந்து அம்மா மொகத்தப் பாத்த பொறவு எடுக்கலாம்."

வெகுநேரம் அழுதான். பிறகு சொன்னான்: "எனக்காக நிறுத்தாதீங்கத்தா, எடுத்துடுங்க. உங்கள மாதிரியே நானும் கடையிலயே இருந்துக்கறேன்."

அதில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் மெச்சுவேன் என்று நம்பித்தான் அவன் அதைச் சொன்னான். போனை வைத்துவிட்டு, எடுத்துவிடலாம் என்று ஜமாஅத்தாரிடம் சொன்னேன்.

அவள் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது, மகன் தோள் கொடுக்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார்.

அத்தாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல் போனதை நினைத்து இன்றும் தொழுகைப் பாயில் நான் அழுவதை மட்டும் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.