ஆணியக்காவின் வவ்வால் சோபா

ஐந்து, ஆறு, ஏழு. குட்டிக் கறுப்பு ஆணிகளை எண்ணி வாயில் போட்டுக்கொண்டு, கவிழ்ந்து கிடக்கும் நாற்காலியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்கிறார் ஆணியக்கா. நாக்கு ஓர் ஆணியை உதட்டுக்குத் தள்ளும். காந்தம் வைத்த சின்னச் சுத்தியல் அதைக் கவ்வும். ஒரு தட்டில் ஆணி நிற்கும், மறு தட்டில் மறையும். இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட விழுங்கியதில்லையா என்று ஒருமுறை வாய் காலியாக இருந்தபோது கேட்டேன். "ஒண்ணே ஒண்ணு. அதுவும் தும்மல் வந்துட்டதால. அதுக்கு நான் என்ன பண்ண?" என்றார்.

எதிர்வீட்டுக்காரர் என்பதால் எனக்கு அவர் பேச்சு பழக்கம். வேலை நேரத்தில் அவர் பேச்சு என்பது 'ம்' மட்டும்தான். வெட்டி விட்ட 'ம்' என்றால் 'மேலே சொல்லு'. இழுத்த 'ம்' என்றால் 'அடப்பாவமே'. மூக்கால் வரும் 'ம்' என்றால் 'உன் மேலயும் தப்பு இருக்குடி'. கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் இந்த வாய் அடைபட்ட நேரம் பார்த்துத்தான் வருவார்கள். மூன்றாம் மாடிக்காரி ஒரு மத்தியானம் முழுக்க அழுது தீர்த்துவிட்டு, "உங்ககிட்ட பேசினாலே மனசு லேசாகுதுக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஆணியக்கா சொன்னது மொத்தம் நான்கு 'ம்'.

கூடம்தான் பட்டறை. ஒரு பக்கம் ஸ்பிரிங் பிதுங்கிய சோபா, ஒரு பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷுக்குக் காத்திருக்கும் நாற்காலிகள். பிரித்த சோபாக்களில் கிடைத்த கொண்டை ஊசி, பென்சில், ஒருமுறை பாதிப் பல்செட், எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு அவரவரிடம் சேர்த்துவிடுவார். அவருடைய கணவர் பஸ் ஓட்டுகிறார். "நாள் பூரா உக்காந்துக்கிட்டே இருக்கேன். வீட்டுக்கு வந்தா நிக்கிறேன். இங்க இருக்கிற நாற்காலி எல்லாம் ஆஸ்பத்திரி கேஸு, தொட்டா திட்டு விழும்" என்பார்.

துணியை வெட்டியதும் அதன் பின்பக்கம் சாக்பீஸால் 'தலை' என்று எழுதுவது ஆணியக்காவின் வழக்கம். வெறும் கோடு போட்ட துணிக்கும் எழுதுவார், பூவே இல்லாத வெள்ளைத் துணிக்கும் எழுதுவார். ஏன் என்று கேட்டால் மூக்கால் ஒரு 'ம்' வரும். காரணத்தைச் சொன்னவர் கணவர்தான்.

ஆணியக்கா முதன்முதலாகத் துணி அடித்தது தங்கையின் கல்யாணத்துக்குக் கொடுத்த சோபாவில். பறவைகள் போட்ட நீலத் துணி. சோபாவைக் கவிழ்த்துப் போட்டு அடித்த மும்முரத்தில் தலை எது கால் எது என்று பார்க்கவில்லை. நிமிர்த்தி வைத்தால், அத்தனை பறவைகளும் தலைகீழாகத் தொங்குகின்றன! மாற்ற நேரமில்லை. சோபா அப்படியே போய்விட்டது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, இன்றைக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால், உறவுக்காரர் வீட்டு விருந்தில் தங்கை எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "எங்க அக்காகிட்ட சோபா குடுத்துப் பாருங்க, வவ்வால் இலவசம்!" பந்தியே குலுங்கிச் சிரித்தது. ஆணியக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது. "நானும் என் சகலையும் நடுவுல தபால்காரங்க மாதிரி அலையறோம்" என்றார் கணவர்.

போன திங்கட்கிழமை அந்தச் சகலை, தங்கையின் கணவர், ஒரு வண்டியோடு வந்து நின்றார். வண்டியில் அதே சோபா. கையில் புதுத் துணி. அதிலும் பறவைகள்.

"அண்ணி, எனக்கு வெளியூருக்கு மாத்தலாகிடுச்சு. சனிக்கிழமை வீட்டைக் காலி பண்றோம். அதுக்குள்ள முடிச்சுத் தரணுமாம்."

"ம்."

"அப்புறம்... பழையபடியே அடிச்சுத் தரச் சொன்னா."

ஆணிகள் வாயிலேயே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேசுவதற்கென்றே துப்பிவிட்டார். "பழையபடியேவா? ஊரை விட்டுப் போறப்பவும் குத்திக்காட்டிட்டுத்தான் போவாளா உங்க பொண்டாட்டி?"

சகலை மெதுவாகப் படியிறங்கிவிட்டார். புதுத் துணியின் பின்பக்கம் இரண்டு கை அகலத்துக்குப் பெரிய எழுத்தில் 'தலை' என்று எழுதினார் ஆணியக்கா. சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

மறுநாள் பழைய துணியைக் குறடால் பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். நைந்துபோன துணி. ஆனால் கிழிசலோடு விட்ட பறவை ஒன்றுகூட இல்லை. இறக்கை பிரிந்த இடத்தில், அலகு போன இடத்தில், நீல நூலால் கோணல்மாணலாகப் பொடித் தையல். "இவளுக்குச் சட்டைப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது. நான்தான் தைச்சுக் குடுப்பேன்" என்று அந்தத் தையல்களை விரலால் எண்ணிக்கொண்டே போனார். இருபத்து மூன்றோ என்னவோ, எண்ணிக்கை நடுவில் நின்றுவிட்டது. பிறகு ஒரு 'ம்' வந்தது. அது எந்த வகை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புதன், வியாழன் இரண்டு நாளும் ஸ்பிரிங் கட்டினார், நார் திணித்தார், இருக்கைக்குத் துணி அடித்தார். முதுகுத் துணியை மட்டும் மடித்து மடித்து வைத்தார். தலை மேலேயா, கீழேயா? மனசு ஒரு முடிவுக்கு வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதும். அந்தப் போனை யார் முதலில் செய்வது என்பதுதான் ஆறு வருஷத்துக் கேள்வி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சோபாவைக் கவிழ்த்து, துணியை அதன்மேல் பரப்பி, ஏழு ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டார். 'தலை' என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது; நிமிர்த்தினால் பறவைகள் நேராகத்தான் நிற்கும். சுத்தியலை எடுத்தார். வாசலில் செருப்புச் சத்தம். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தங்கை நின்றாள்.

ஆணியக்கா திரும்பவில்லை. "ம்" என்றார்.

"குத்திக்காட்ட இல்லக்கா. இருபது வருஷமா தலைகீழாப் பாத்த கண்ணு. நேரா நின்னா, அது யார் வீட்டு சோபாவோன்னு இருக்கும்."

"ம்."

"அன்னிக்கு விருந்துல வாய் தவறிடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நீ எழுந்து போனே. பின்னாடியே ஓடி வந்திருக்கணும். வரல." நிலைப்படியை விட்டு உள்ளே வந்தாள். "ம் ம்னு சொல்லாதக்கா. அந்த ஆணியைத் துப்பிட்டு என்னைத் திட்டு. நாளைக்குப் போயிடுவேன். திட்டு வாங்காம எப்படிப் போறது?"

சுத்தியல் தரையில் இறங்கியது. ஆணியக்கா உள்ளங்கையில் ஒவ்வோர் ஆணியாகத் துப்பினார். ஏழும் வந்தன. திட்டு வரவில்லை.

"தையலாடி அது? கோழி கிளறின மாதிரி!" என்றார் கடைசியில். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, துணியில் எழுதியிருந்த 'தலை'யை அழித்தார். துணியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். தங்கையின் கையை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, ஈரம் காயாத ஏழு ஆணிகளையும் அவள் உள்ளங்கையில் கொட்டி விரல்களை மடக்கிவிட்டார்.

"வாயில போட்டுக்கிட்டா எப்படிப் பேசுறது? நீ பிடிச்சுக்கோ. ஒவ்வொண்ணா குடு."