கூரையில் முளைத்த நெல்

எனக்குப் பள்ளிக்கூடத்தோடு கோபம் எதுவும் இல்லை. அதுதான் என்னை முதலில் வேண்டாம் என்றது. ஆனாலும் கூரை விஷயத்தில் நான் ஓர் இஞ்சினியர் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது.

கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த வீட்டில் ஒரே அறை. கலியாணத்துக்குப் பிறகு பக்கச் சுவரோடு சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கி, அதையும் அறையாக்கினேன். கண்டி வீதிக்குத் தார் போட்டவர்கள் விட்டுப்போன பீப்பாக்களை வெட்டி விரித்தால் தகரம். அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் காய்ச்சிய தார், மறுபடி சாக்கு, மறுபடி தார். வெயிலில் தார் இளகி ஓடாமல் கடைசியில் ஆற்று மணல். வருடா வருடம் மாரிக்கு முன் ஏறி, கொப்புளம் போட்ட இடங்களைச் சுரண்டி, இதையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும்.

அந்த வருடம் மனைவிக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி யாழ்ப்பாணத்துக்கு, தாய்வீட்டுக்குப் போக வேண்டும். வயலை விட்டு நான் அசைய முடியாது. என்னை விட்டு அவள் அசைய மாட்டாள். மாமி ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினார்: "நான் வந்து பாப்பன். அறை ஒழுகாட்டி பிள்ளைப்பேறு அங்க. ஒழுகினால் அடுத்த பஸ்ஸில என்ரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திடுவன்."

தாரை நான் ஒழுங்காகத்தான் பூசினேன். மணல் எடுக்க ஆற்றுக்குப் போக வண்டில் இல்லை, உடம்பில் விருப்பமும் இல்லை. களத்தில் சிறுபோகத்துப் பதர் குவிந்து கிடந்தது. சுமந்தால் கழுத்தும் நோகாது. கடகப் பெட்டியில் அள்ளிக்கொண்டு ஏறித் தாரின்மேல் தூவினேன். பதருக்குள் நல்ல நெல்லும் கிடக்கும் என்று வயல்காரனான எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதை இன்றுவரை எவரும் விளக்கவில்லை.

முதல் தூறல்களுக்கே கூரை பச்சையாகிவிட்டது. அடுத்த காணிக்காரர் வேலியடியில் வந்து நின்றார்.

"தம்பி, மேலயும் ஒரு ஏக்கர் எடுத்திட்டீரோ?"

"ஓம் அண்ணை. காணிக் கணக்குப் பாக்கிற விதானையாரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லேல்லை. வாய்க்கால் எப்பிடி வெட்டப்போறீர் எண்டுதான் யோசிக்கிறன்."

மாமி வருவதற்குள் ஏறிப் பிடுங்கினேன். பயிர் வேரோடு வந்தது. வேரோடு தாரும், தாரோடு சாக்கும் வந்தன. நான் இறங்கும்போது கூரை அம்மை போட்ட முகம்போல இருந்தது. அன்று பின்னேரம், ஒரே பஸ்ஸில் வந்தவர்கள்போல மாமியும் மழையும் சேர்ந்து வந்தார்கள்.

கட்டில், பாய், பிள்ளைக்கு வைத்திருந்த பழந்துணி எல்லாம் நனைந்தன.

"பிள்ளை, உடுப்பைக் கட்டு. விடிய வெளிக்கிடுவம்," என்றார் மாமி.

மனைவி கதிரையில் வயிற்றைப் பிடித்தபடி இருந்தாள். "நான் வரேல்லை அம்மா."

"ஏன்?"

"நான் போனால் இந்த மனிசன் கூரையில மிளகாயும் நடும். ஆர் தண்ணி இறைக்கிறது?"

சொன்னவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. மாமி என்னைப் பார்த்தார். நான் என் கால் பெருவிரலைப் பார்த்தேன், அங்கேயும் தார்.

"தம்பி, மணல் எங்க கிடக்கு?"

"ஆத்தில, மாமி."

"ஆத்தை இஞ்ச கொண்டுவரப் போறியளோ, நீங்கள் அங்க போகப் போறியளோ?"

மழை விட்டதும் போனேன். அடுத்த காணிக்காரர் வண்டில் தந்தார், நக்கலையும் சேர்த்து. தகரம் காய்ந்ததும் மறுபடி சாக்கு, மறுபடி தார். மாமி ஏணியடியில் நின்று வாளியை நீட்டி, நான் விட்ட ஓட்டைகளைக் கீழிருந்தே கண்டுபிடித்தார்.

பிள்ளை அந்த அறையில்தான் பிறந்தது. அன்றும் மழை. கால்மாட்டு மூலையைத் தவிர மற்ற இடமெல்லாம் தாங்கியது. மாமி அந்த மூலையில் ஒரு சட்டியை வைத்தார். பிள்ளை பார்க்க வந்த அடுத்த காணிக்காரரின் மனைவி சட்டியைக் கண்டுவிட்டார்.

"என்ன மாமி, ஒழுகுதோ?"

வாசலில் நின்ற நான் மறுபடி என் கால் பெருவிரலைப் பார்த்தேன்.

"ஆர் சொன்னது? பிள்ளையைத் தூக்கிறவை கை கழுவ வைச்சது," என்றார் மாமி. "நீரும் கழுவிப்போட்டுத் தூக்கும்."