தண்ணீரில் ஓடும் கார்

சாவியைத் திருப்பினால் காரில் சத்தம் வர வேண்டும் என்றுதான் நாற்பது வயது வரை நினைத்திருந்தேன். நோர்வேயில் எங்கள் மின்சாரக் காருக்குப் பூசை போட்ட காலையில், முன்னால் அம்மன் படம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல்கூட இல்லை. மறுபடி திருப்பினேன். போட்டதை நானே அணைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது தெரியவில்லை. "என்னங்க, சாமிக்கு ஏதும் கொறை வச்சிட்டமா?" என்று மனைவி பார்வதி கலங்கிப்போனாள். பக்கத்து வீட்டு ஓலாவ் வந்து பச்சை விளக்கைக் காட்டி, கார் ஓடத் தயாராகத்தான் நிற்கிறது என்றார். பழங்களைப் பார்த்து, இவை பற்றரிக்கு உதவுமா என்றும் கேட்டார். எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில், கடவுளுக்கு என்றேன். அவர் மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றார். கார் நகர்ந்து பழம் நசுங்கியது. அதுதான் அந்தக் காரின் முதல் சத்தம்.

தன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்தால், பார்வதி தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள். முடிந்துவிட்டது. கோயிலோ மலைக்கு அந்தப் பக்கம். பால்குடத்தோடு இரண்டு பஸ் மாற அவளால் முடியாது. அதனால்தான் கார். எதில் ஓடும் கார் என்பதில்தான் குழப்பம். டீசல் புகை அவளுக்கு ஆகாது. ஹைட்ரஜன் கார் வரும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அது வரும்வரை முருகனைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்துச் செல்வராசா அண்ணன், பெட்ரோலும் கரண்டும் கலந்து ஓடுவதை வாங்கச் சொன்னார். நான் முழுக் கரண்டு என்றதும், "பனிக்குள்ள நிண்டிட்டா, பால்குடத்தை இறக்கி வச்சிட்டுக் காரைத் தள்ளும்" என்று சிரித்தார்.

நான் கரண்டைப் பிடித்ததற்குக் காரணம் அப்பா. இலங்கையில், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்து லொறி ஓட்டினார். எந்த அவசரத்திலும் மாரியம்மன் கோயில் வளைவில் ஒரு ஹோன் அடிக்காமல் போகமாட்டார். தொண்ணூறுகளில் டீசல் கிடைக்காத நாளில் லொறி நின்றுவிடும். கொழுந்து மூட்டைக்குள் வாடும். தேயிலை பெக்டரிக்கு மட்டும் கவலை இல்லை, ஓடைத் தண்ணீரில் டைனமோ சுற்றியது. நாங்கள் இருந்த லயத்து வீடுகளுக்கு அந்தக் கரண்டு வரவில்லை, குப்பி விளக்குதான். "தண்ணியில பெக்டரியே ஓடுது. என் லொறிக்கு மட்டும் என்ன கேடு?" என்பார் அப்பா. இந்த நாட்டிலும் கரண்டு வருவது மலைத் தண்ணீரிலிருந்துதான் என்று ஓலாவ் சொன்ன அன்றே நான் முடிவெடுத்துவிட்டேன்.

தைப்பூசத்தன்று நல்ல பனி. ஏற்றத்தில் பற்றரி முள் விழுந்துகொண்டே போனது. ஹீற்றரை அணைத்தோம். பார்வதி பட்டுச்சேலை மேல் கம்பளி சுற்றி, பால் செம்பை மடியில் அணைத்து, முருகா முருகா என்றாள். உச்சி தாண்டி இறக்கம் வந்ததும் முள் மெல்ல மேலே ஏறியது. இறங்கும்போது சக்கரமே பற்றரிக்குக் கொஞ்சம் திருப்பித் தருமாம். டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இஞ்சினை அணைத்துப் பயந்து பயந்து இறங்கிய அப்பாவுக்கு இதைச் சொல்ல முடியவில்லையே என்று இருந்தது.

கோயில் வாசலில் செல்வராசா அண்ணன் நின்றார். முள்ளை எட்டிப் பார்த்தார். கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். "நில்லும், வயர் கொண்டு வாறன்" என்று போய், சமையல்கட்டிலிருந்து நீள வயர் இழுத்து அவரே செருகினார். பார்வதி பால்குடம் எடுத்து, கால் நோகாமல் மூன்று சுற்று வந்தாள். நாங்கள் சோறு சாப்பிட்டோம், காரும் சாப்பிட்டது.

வீடு திரும்பும்போது, எங்கள் தெரு வளைவில் என் கை தன்பாட்டில் ஹோனை அழுத்தியது. இன்றுவரை அப்படித்தான். அந்த வளைவில் இருப்பது ஓலாவின் வீடு. தனக்குத்தான் என்று நினைத்து அவர் ஜன்னலில் நின்று கை காட்டுகிறார். நானும் கை காட்டுகிறேன். பக்கத்தில் பார்வதி கண்ணை மூடிக் கும்பிடுகிறாள்.