கெசையா சுட்ட படக்கட்டை

அடிமை ஒழிப்புச் சங்கத்தின் கணக்கேட்டில், 1851 மார்ச் 4: படத்துக்கு விவரம் சொன்னதற்காகக் கெசையாவுக்கு அரை டாலர்.
மார்ச் 29: மரக்கட்டையில் படம் செதுக்கிய கூலி, பதினோரு டாலர்.
ஏப்ரல் 2: விளம்பரத் தாள் இருநூறு, அச்சும் தபாலும் ஆறு டாலர் நாற்பது செண்ட்.
ஏப்ரல் 9: கட்டை பாழ்.

பிலடெல்ஃபியாவில் எங்கள் கிறிஸ்தவ சபைக்குப் பின்சந்தில் குடியிருந்த கெசையா, 1879இல் இறக்கும்வரை அடுத்தவர் துணியை வெளுத்து இஸ்திரி போட்டுப் பிழைத்தாள். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவள். எஜமானி செத்தபோது உயில்படி விடுதலை கிடைத்தது. மகள் ஹெஸ்டருக்குக் கிடைக்கவில்லை. புருஷன் லெவின், ஆறு மைல் தள்ளி இன்னொரு பண்ணைக்காரனின் சொத்து. சனிக்கிழமை இரவு மட்டும் அனுமதிச் சீட்டோடு வந்து போவான். கெசையா வடக்கே வந்தபின் அந்தச் சீட்டும் நின்றுபோனது.

அடிமை ஒழிப்புச் சங்கத்துச் சீமாட்டிகள் புத்தகம் ஒன்று போட்டார்கள். அடிமைக் குடும்பம் வாழும் விதத்தைக் காட்ட ஒரு படம் வேண்டுமென்று கெசையாவைக் கீலிங் என்ற செதுக்குக்காரரிடம் அனுப்பினார்கள். அவர் துருவித் துருவிக் கேட்டதில் அவள் ஒன்றைச் சொல்லிவிட்டாள். மகள் இருக்கும், கால் ஊன்றி உயர்த்திக் கட்டிய குடிசையின் தரையில் ஆணி அடிக்காத பலகை ஒன்று உண்டு. லெவின் இருட்டில் அடியில் ஊர்ந்து வந்து, அதைத் தூக்கித்தான் மகளைப் பார்க்கிறான்.

அந்த மார்ச் கடைசியில் படத்தைக் காட்டினார்கள். பிளந்த தரையிலிருந்து ஒருவனின் தலையும் தோளும், கையில் மீன், அடுப்படியிலிருந்து ஓடி வரும் குழந்தை.

"இத எடுத்துடுங்க தொரை. அவரு இன்னும் அப்படித்தான் வந்து போறாரு," என்றாள் கெசையா.

"பேரு போடலியே," என்றார் கீலிங்.

"பேரு எதுக்கு? பலகையப் பாத்தா பண்ணைக்காரங்க நாய்க்கே புரியும்."

"கதவத் தொறந்துக்கிட்டு வர்ற அப்பன எவன் வேணாலும் வரைவான். இதப் பாத்தாத்தான் ஜனங்க அழுவாங்க."

"உங்க ஜனங்க அழ என் புருஷன் முதுகுதான் கெடச்சுதா?"

சங்கத்துச் செயலாளர் திருமதி தார்ன் பக்கத்தில் நின்றார். "கொஞ்சம் நன்றியோட பேசு, கெசையா. உங்களுக்காகத்தானே நாங்க பாடுபடறோம்."

"பாடு உங்களுக்கு, சவுக்கடி அவருக்கு. நல்லாத்தான் பிரிச்சிருக்கீங்கம்மா."

படத்தை மாற்றவில்லை. ஏப்ரல் 9 அன்று அவள் தன் இஸ்திரிப் பெட்டியோடு கீலிங்கின் கடைக்குப் போனாள். அங்கிருந்த அடுப்பிலேயே அதைப் பழுக்கக் காய வைத்தாள்.

"இங்க என்ன துணி இருக்கு தேய்க்க?" என்று கீலிங் சிரித்தார்.

அவள் கட்டையின் மேல் பெட்டியை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். மரம் கருகிப் பிளந்தது.

பதினோரு டாலரும் அவளே கட்டவேண்டும் என்று திருமதி தார்ன் ஆள் அனுப்பினார்.

"லெவினுக்கு ஒரு வெல போடச் சொல்லு. அதுல கழிச்சுக்கட்டும்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அந்தப் படம் ஏற்கெனவே புத்தகத்தின் விளம்பரத் தாளில் வெளிவந்துவிட்டதை வந்த ஆள்தான் சபையில் சொன்னான். எஜமானர்கள் வெட்கப்படட்டும் என்று தெற்கத்திப் பண்ணைக்காரர்களுக்குத் தாள் அனுப்புவது சங்கத்தின் வழக்கம். ஹெஸ்டர் இருந்த பண்ணைக்கும் ஒன்று போயிருந்தது.

அதற்குப்பின் மேரிலாந்திலிருந்து அவளுக்கு வந்தது ஒரே கடிதம். சிப்பி அள்ளும் சுதந்திரக் கறுப்பர் ஒருவர் யாரையோ பிடித்து எழுதுவித்திருந்தார். குடிசைக்கு அடியில் நாய்களோடு காத்திருந்து லெவினைப் பிடித்தார்கள். ஜார்ஜியாவுக்கு அடிமைகளைக் கொண்டுபோகும் வியாபாரிக்கு விற்றுவிட்டார்கள். குழந்தை அங்கேயேதான் இருக்கிறது. அதைக் கெசையாவுக்கு வாசித்துக் காட்டியவன் நான். கடிதம் வந்து சேர்ந்த தேதி 1851 ஜூன் 17.